'ஃபேக் ஐடி' என்ற குற்றச்சாட்டை எடைபோடுவது எப்படி?

திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முகநூல் குழுக்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே மாதிரியான பதிவு திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவருடைய கணக்கின் ஸ்கிரீன்ஷொட், அதன் மேல் சிவப்பு வட்டம், "இப்படி ஒரு ஆளே இல்லை, எல்லாருக்கும் பகிருங்கள்" என்ற ஒரு வரி. குற்றஞ்சாட்டுபவரிடம் முடிவான ஆதாரம் இருப்பதில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் தன்னை நிரூபிக்க எளிய வழி கிடையாது. நடுவில் நிற்கும் வாசகர் எதை நம்புவது, எதைப் பகிர்வது, எதை விடுவது?

இதற்கு விடை தேட முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓர் அறிகுறி எவ்வளவு சந்தேகமாகத் தெரிகிறது என்பதை வைத்து அதன் எடையைச் சொல்ல முடியாது. அதே அறிகுறி உண்மையான ஆட்களிடம் எவ்வளவு அரிதாகக் காணப்படுகிறது என்பதுதான் அதன் எடை. ஆதாரம் என்று காட்டப்படுபவற்றில் பெரும்பகுதி நம்மூரின் உண்மையான மனிதர்களிடமே சாதாரணமாக இருப்பது. கட்டுரையின் மற்றப் பகுதி முழுவதும் இதன் விரிவு.

## போலி என்றால் எந்தப் போலி?

'ஃபேக்' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வேறுபட்ட குற்றச்சாட்டுகள் இருக்கின்றன.

1. புனைபெயர்: ஆள் உண்மை, பெயர் மட்டும் வேறு.
2. ஆள்மாறாட்டம்: உயிருள்ள இன்னொருவரின் பெயரையோ படத்தையோ எடுத்து அவராக நடிப்பது.
3. கற்பனை ஆள்: இல்லாத ஒருவரை, பெரும்பாலும் நோய், வறுமை, காதல் என்ற கதையோடு உருவாக்குவது.
4. ஒருவரே பல கணக்குகள்: தனக்குத் தானே ஆதரவு சேர்க்கவோ எதிராளியைத் திட்டவோ பயன்படுத்துவது.
5. களவாடப்பட்ட கணக்கு: உண்மையான ஒருவரின் கணக்கை வேறொருவர் கைப்பற்றி இயக்குவது.

இவற்றை நிரூபிக்கத் தேவையான ஆதாரமும் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. ஆள்மாறாட்டத்துக்கு, அசல் ஆள் "இது நான் இல்லை" என்று சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒருவரே பல கணக்குகள் என்றால் இரண்டு கணக்குகளை இணைக்கும் ஏதாவது வேண்டும். கற்பனை ஆள் என்பதுதான் மிகக் கடினம். ஒருவர் இல்லை என்பதற்கு நேரடிச் சாட்சி கிடையாது. அவர் சொன்ன கதையில் சரிபார்க்கக்கூடிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொய் என்று காட்ட வேண்டியிருக்கும்.

குற்றஞ்சாட்டும் பதிவு இந்த ஐந்தில் எதைச் சொல்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பார்க்கலாம். எழுத முடியாவிட்டால், அங்கே இன்னும் குற்றச்சாட்டு என்று ஒன்று உருவாகவில்லை.

## பெயரை மறைப்பவர்கள் ஏன் மறைக்கிறார்கள்?

தமிழ் எழுத்துக்குப் புனைபெயர் புதிதில்லை. து. உருத்திரமூர்த்தி 'மஹாகவி'யாக எழுதினார். பெரியநீலாவணையின் கே. சின்னத்துரையை 'நீலாவணன்' என்றால்தான் வாசகருக்குத் தெரியும். தமிழ்நாட்டின் எஸ். ரங்கராஜன் தன் மனைவியின் பெயரான 'சுஜாதா'வில் எழுதினார். ஆண் ஒருவர் பெண் பெயரில் எழுதியதை யாரும் மோசடி என்று சொல்லவில்லை.

திருகோணமலைக்கு இதைவிடப் பாரமான காரணமும் உண்டு. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களின் உடல்களில் இருந்த துப்பாக்கிக் காயங்களைக் காட்டும் படங்களை எடுத்த ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நினைவோடு வளர்ந்த ஊரில், காணிப் பிரச்சினை பற்றியோ காணாமலாக்கப்பட்டோர் பற்றியோ எழுதும் ஒருவர் சொந்தப் பெயரைப் போடாமல் இருப்பதற்கு விளக்கம் கேட்கத் தேவையில்லை. பெண்களின் நிலையும் இப்படித்தான். முகப்படத்துக்குப் பதில் பூ, அம்மன், குழந்தை, நடிகை. அந்தப் படத்தை எடுத்து யாரும் எதுவும் செய்துவிடக்கூடாது என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

எனவே பெயர் உண்மையானதா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் வர வேண்டும்: அந்தப் பெயரைக் காட்டி யாரிடமிருந்தாவது பணம், படம், நம்பிக்கை, வாக்கு ஏதாவது பெறப்பட்டதா? இரண்டாவது கேள்விக்கு விடை 'இல்லை' என்றால், முதலாவது பெரும்பாலும் நமக்குரிய கேள்வியே இல்லை.

## ஓர் அறிகுறியின் எடை: கணக்கோடு

எண்களை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை; செய்முறைதான் முக்கியம்.

ஓர் ஊர்க் குழுவில் 2,000 உறுப்பினர்கள். அதில் 40 கணக்குகள் போலி என்று வைப்போம். அறிகுறி: முகப்படம் இல்லை, புரொபைல் லொக் செய்யப்பட்டிருக்கிறது.

1. போலிக் கணக்குகளில் 80 சதவீதம் இப்படி இருந்தால், 32 கணக்குகள்.
2. மிச்சம் 1,960 பேரும் உண்மையானவர்கள். அவர்களில் 25 சதவீதம் மட்டுமே இப்படி இருந்தாலும், 490 கணக்குகள்.
3. அறிகுறி உள்ள கணக்குகள் மொத்தம் 522. அதில் போலி 32. அதாவது ஏறக்குறைய 6 சதவீதம்.

போலிகளில் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும் அறிகுறிதான் இது. ஆனாலும் இதை வைத்து விரல் நீட்டினால் 16 பேரில் 15 பேர் குற்றமற்றவர்கள்.

இப்போது வேறோர் அறிகுறி: இன்னொருவரின் முகத்தைத் தன்னுடையது என்று சொல்லிப் போட்டிருப்பது. போலிகளில் பாதி, அதாவது 20 கணக்குகள் இதைச் செய்கின்றன என்போம். உண்மையானவர்களில் 1 சதவீதம், ஏறக்குறைய 20 பேர், விளையாட்டாகவோ கூச்சத்தாலோ செய்கிறார்கள். இப்போது நிகழ்தகவு சரிபாதி. முதல் அறிகுறியைவிட இது குறைந்த போலிகளையே பிடிக்கிறது. ஆனால் உண்மையான ஆட்களிடம் அரிது என்பதால் எடை எட்டு மடங்கு கூடுகிறது. அப்படியும் சரிபாதிதான்.

அடுத்த பொறி, அறிகுறிகளை அடுக்குவது. "முகப்படம் இல்லை, புரொபைல் லொக், நண்பர்கள் குறைவு, ஊர் போடவில்லை, நான்கு ஆதாரம்!" என்பார்கள். இந்த நான்குக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த நபர் தன்னை வெளியே காட்ட விரும்பவில்லை. ஒரே காரணத்தால் விளைந்தவற்றைத் தனித்தனி ஆதாரமாகப் பெருக்கக்கூடாது. இங்கிலாந்தில் 1999இல் ஒரு தாய், தன் இரு குழந்தைகளையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். ஒரு குழந்தை திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று என்று எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, ஏழு கோடியே முப்பது இலட்சத்தில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஒரே வீட்டில், ஒரே பரம்பரையில் நிகழும் இரண்டு மரணங்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்று அரச புள்ளிவிபரவியல் கழகம் 2001இல் வெளிப்படையாக எதிர்த்தது. 2003இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. பயிற்சி பெற்ற நிபுணரும் நீதிமன்றமும் விழுந்த குழி அது. முகநூல் கருத்துப் பகுதியில் நாம் விழுவது அதைவிட எளிது.

## அடிக்கடி காட்டப்படும் ஆதாரங்கள்

ஸ்கிரீன்ஷொட். கணினி உலாவியில் எந்தப் பக்கத்தின் எழுத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிப் படமெடுக்கலாம். வட்ஸ்அப் உரையாடலில் இது இன்னும் எளிது. மேலே தெரியும் பெயர், அந்தப் போனை வைத்திருப்பவர் சேமித்த பெயர். என் நண்பரின் இலக்கத்தை உங்கள் பெயரில் நான் சேமித்துவிட்டு, அவரை எதையும் எழுதச் சொல்லிப் படமெடுக்கலாம். அதனால் பதிவின் நேரடி இணைப்பு, முழுத் திரை, திகதி, முன்னும் பின்னும் உள்ள செய்திகள் ஆகியவற்றைக் கேளுங்கள்.

கடைசி இரண்டு இலக்கம். 'கடவுச்சொல் மறந்துவிட்டது' பகுதிக்குப் போய், மறைக்கப்பட்ட தொலைபேசி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைப் பார்த்து "பொருந்துகிறது, இவர்தான்" என்று சொல்வது இப்போது பரவலாகிவிட்டது. இரண்டு இலக்கம் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு நூறில் ஒன்று. ஒரே ஒருவர் மீது ஏற்கெனவே வலுவான சந்தேகம் இருந்தால் இதற்குக் கொஞ்சம் எடை உண்டு. 300 பேருடைய இலக்கங்களோடு ஒப்பிட்டுத் தேடினால், சம்பந்தமே இல்லாத மூன்று பேர் சராசரியாகப் பொருந்துவார்கள்.

தொலைபேசி இலக்கமும் ட்ரூகோலரும். ட்ரூகோலர் காட்டும் பெயர், பிறர் தங்கள் போனில் சேமித்த பெயர்களிலிருந்து வருவது. சிம் அட்டை அப்பாவின் பெயரிலோ மூத்த அண்ணனின் பெயரிலோ இருப்பது நம் வீடுகளில் வழக்கம். பாவிக்காமல் விட்ட இலக்கம் சில காலத்தின் பின் இன்னொருவருக்குப் போய்விடும்.

ஐபி முகவரி, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண். "ஐபி பார்த்தோம், கொழும்பு காட்டுகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். முகநூலும் வட்ஸ்அப்பும் பதிவிலோ செய்தியிலோ ஒரு பயனரின் ஐபியை இன்னொரு பயனருக்குக் காட்டுவதில்லை. பெரும்பாலும் பொறி வைத்த இணைப்பை அனுப்பித்தான் எடுத்திருக்க வேண்டும். எடுத்தாலும் பயன் குறைவு. ஐபியின் நான்காம் பதிப்பில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள். உலகம் முழுவதும் இந்தத் தட்டுப்பாடு இருப்பதால், மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஆகவே இரண்டு கணக்குகள் ஒரே ஐபியில் இருந்தால், இருவரும் ஒரே நிறுவனத்தின் சிம் பாவிக்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் பெறப்படாமல் போகலாம். இடத்தைக் காட்டும் தரவுத்தளங்கள், இணைப்பு எந்த வலையமைப்பைச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்கின்றன. உப்புவெளியில் இருந்து மொபைலில் வருபவர் கொழும்பில் இருப்பதாகத் தெரிவது அதிசயமில்லை. பங்கிடப்பட்ட முகவரியிலிருந்து வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்க நிறுவனத்துக்கே துறை எண்ணும் (port, முகவரியோடு சேர்ந்து வரும் இணைப்பு எண்) நொடி வரையிலான நேரமும் வேண்டும். அப்போதும் கிடைப்பது இணைப்பு யார் பெயரில் என்பது மட்டும்.

இணைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை மறைக்கும் வி.பி.என். செயலியைப் பாவித்ததையும் சிலர் குற்றமாகக் காட்டுகிறார்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் சாதாரணக் குடும்பங்களே அதை நிறுவக் கற்றுக்கொண்டன.

நேரம். "இரவு ஒரு மணிக்கு எழுதுகிறாள், அப்போது ரொறொன்ரோவில் பகல் இரண்டரை, ஆகவே கனடாவில் இருக்கிறாள்." குளிர்கால நேரக் கணக்கு சரி, முடிவு சரியில்லை. வைத்தியசாலையில் இரவுக் கடமை, கடலுக்குப் போகும் வீடு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, ரமழானில் ஸஹருக்கு விழித்திருக்கும் கிண்ணியாவும் மூதூரும் என்று விழித்திருக்கப் பல காரணங்கள் உண்டு. பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கவும் முடியும். இலங்கையும் இந்தியாவும் ஒரே நேர வலயத்தில் இருப்பதால், தமிழ்நாட்டுக் கணக்கா நம்மூர்க் கணக்கா என்று பிரிக்கவும் நேரம் உதவாது. பல மாதப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு நாளும் எந்த மணித்தியாலங்களில் முழு மௌனம் என்று பார்த்தால் கொஞ்சம் எடை கிடைக்கும்.

ஊர் அறிவுப் பரீட்சை. "சம்பூர் என்கிறாய், அந்தச் சந்தியில் என்ன இருக்கிறது சொல்" என்று மடக்குவார்கள். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். கிளிவெட்டி முகாமில் வளர்ந்த பிள்ளைக்குத் தன் சொந்த ஊரின் சந்தி தெரியாமல் இருக்கலாம். கூகுள் வரைபடத்தைப் பார்க்கும் ஏமாற்றுக்காரனுக்கோ எல்லாம் தெரியும். இடம்பெயர்வுகள் நிறைந்த மாவட்டத்தில் இந்தப் பரீட்சை நேர்மாறான முடிவைத் தரக்கூடும். இதைக் கைவிடுவதே நல்லது.

வீடியோ அழைப்பு. ஒருவர் வீடியோவில் வந்தால், அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பது தெரிகிறது. பெயரும் கதையும் உண்மை என்பது தெரிவதில்லை. வர மறுத்தால் கிட்டத்தட்ட எதுவும் தெரிவதில்லை.

## எழுத்துநடை: எல்லோரும் நம்பும், எளிதில் ஏமாற்றும் ஆதாரம்

"இரண்டு கணக்கும் ஒரே மாதிரி எழுதுகிறது" என்ற வாதத்துக்கு உண்மையான ஆய்வு மரபு ஒன்று உண்டு. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787–88இல் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. அவற்றில் 12ஐ எழுதியவர் ஹமில்டனா மடிசனா என்பது நீண்டகாலத் தகராறு. மொஸ்டெல்லர், வலஸ் என்ற இரு புள்ளிவிபரவியலாளர்கள் சின்னச் சின்ன இடைச்சொற்களை எண்ணி, அவை மடிசனுடையவை என்று 1964இல் காட்டினார்கள். அது சாத்தியமானதற்கு மூன்று காரணங்கள்: சந்தேகத்துக்குரியவர் இருவர் மட்டுமே, ஒவ்வொரு கட்டுரையும் நீளமானது, இருவரும் எழுதியதாக ஐயமின்றித் தெரிந்த எழுத்து ஏராளமாக ஒப்பீட்டுக்குக் கிடைத்தது. முகநூல் கருத்தில் இந்த மூன்றும் இல்லை. சந்தேகத்துக்குரியவர் ஊர் முழுவதும். எழுத்து பத்துச் சொல்.

தமிழில் இன்னொரு சிக்கல் சேருகிறது. ஒத்துப்போகும் பிழைகள் பல, ஆளிடமிருந்து வராமல் விசைப்பலகையிலிருந்து வருகின்றன. சில எடுத்துக்காட்டுகள்:

1. 'எ' என்ற எழுத்துக்குப் பதில் அதைப்போலத் தெரியும் தமிழ் எண் ஏழு (௭) விழுவது.
2. 'ஔ' ஓசைக்குறிக்குப் பதில் கொம்புக்கு அருகே 'ள' எழுத்து வருவது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றிய உரைகளில் இது நிறைய.
3. 'ஸ்ரீ', 'ஶ்ரீ' என்ற இரு வடிவங்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். உள்ளே இருக்கும் குறியீடு வேறு.
4. குரலால் தட்டச்சு செய்த உரையில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் காணாமற்போவது.
5. போன் தானாக முன்மொழியும் தவறான சொல்லை அப்படியே விடுவது.

இவை ஒரு வகையைக் காட்டும் அடையாளங்கள். "பாமினியில் பழகியவர்" என்று சொல்ல உதவும். இலங்கையில் ஒரு தலைமுறை அச்சகங்களும் பாடசாலைகளும் பத்திரிகைகளும் பாமினியில்தான் இயங்கின. அந்த வகைக்குள் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். 'கதைக்கிறது', 'கெதியா', 'வடிவா', 'எண்டு' போன்ற சொற்கள் நம் பேச்சு வழக்கு முழுவதற்கும் பொது. அவற்றை வைத்து இருவரை ஒருவராக்க முடியாது.

எடை உள்ளது எது? ஊரில் வேறு யாரும் எழுதாத ஒரு தனிப் பிழை, இரண்டு கணக்குகளிலும் பல மாத இடைவெளியில், வேறு வேறு தலைப்புகளில் திரும்பத் திரும்ப வருவது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும்போது ஆளுக்கு ஆள் எழுத்துக்கூட்டல் மாறுவதால், அங்கே தனித்தன்மை கொஞ்சம் அதிகம். எதைப் பார்த்தாலும் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை செய்யாமல் முடிவெடுக்கக்கூடாது: அதே குழுவில் சந்தேகமே இல்லாத இருபது பேரின் எழுத்தில் அதே அடையாளத்தைத் தேடுங்கள். மூன்று நான்கு பேரிடம் கிடைத்தால் உங்கள் அடையாளம் கலைந்துவிட்டது. குற்றஞ்சாட்டும் பதிவுகளில் இந்தச் சோதனையைக் காண்பது அரிது, அதுவே அவற்றின் மிகப் பெரிய ஓட்டை.

## ஒன்று நிரூபணமானது, ஒன்று உயிர் வதையானது

2011இல், டமஸ்கஸ் நகரில் வாழும் ஓரினச்சேர்க்கையாளரான அமினா என்ற பெண்ணின் எழுத்து உலகம் முழுவதும் வாசிக்கப்பட்டது. யூன் தொடக்கத்தில் அவர் கடத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. விடுதலை கேட்டுப் பெரும் இயக்கம் எழுந்தது. சந்தேகப்பட்டவர்கள் தேடியபோது நான்கு விடயங்கள் தனித்தனியாக வெளிவந்தன. அவரை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. படங்கள் லண்டனில் வாழும் வேறொரு பெண்ணுடையவை. அந்தப் பெண்ணே வந்து சொன்னார். இணைய இணைப்பின் தடயம் எடின்பரோவுக்குப் போனது. அவர் கொடுத்திருந்த ஓர் அமெரிக்க முகவரி, எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த டொம் மக்மாஸ்டர் என்ற அமெரிக்கரோடு இணைந்தது. யூன் 12 அன்று அவரே ஒப்புக்கொண்டார்.

இந்த நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. வெவ்வேறு மூலத்திலிருந்து வந்து ஒரே ஆளிடம் முடிந்தன. லொக் செய்த புரொபைலும் குறைந்த நண்பர்களும் இந்த வகை ஆதாரத்துக்கு அருகில்கூட வருவதில்லை.

எதிர்ப்பக்கம் 2013 ஏப்ரல். பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்புக்குப் பின் ரெடிட் தளத்தில் கூடிய பலர், மங்கலான படங்களை ஒப்பிட்டு, ஏற்கெனவே காணாமற்போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளியாக்கினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு மிரட்டல்கள் குவிந்தன. அவருக்கும் குண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில நாட்களில் அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. ரெடிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. தேடியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை.

## சரிபார்க்கும் வரிசை

1. யாரையும் எதிர்கொள்ளும் முன் பதிவு செய்யுங்கள். இணைப்பு, திகதி, முழுத் திரைப்படம் ஆகியவற்றோடு கணக்கின் உள் அடையாள எண்ணையும் குறித்து வையுங்கள். காட்டும் பெயரும் முகவரிப் பெயரும் மாறலாம், அந்த எண் மாறாது.

2. கணக்கின் வரலாற்றைப் பாருங்கள். முகநூல் 'பக்கம்' என்றால் அதன் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் தொடங்கிய திகதியும் பழைய பெயர்களும் இருக்கும். பெரிய பக்கங்களுக்கு நிர்வகிப்பவர்கள் இருக்கும் நாடும் தெரியும். தனிநபர் கணக்கு என்றால், பிறர் விட்ட தடங்களைத் தேடுங்கள்: பழைய பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண வீட்டுப் படத்தில் வேறு யாரோ இணைத்த பெயர், ஐந்து வருடத்துக்கு முன் மச்சாள் எழுதிய கேலி. ஒருவர் தானே எழுதியதைவிட, பலர் பல வருடங்களாக அவரைப் பற்றி விட்ட தடம் போலியாக்கக் கடினம். களவாடப்பட்ட கணக்குக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே பழைய தடம் உண்மை, இப்போது எழுதுபவர் வேறு.

3. படத்தைத் தேடுங்கள். கூகுள் லென்ஸ், யண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் தேடுங்கள். முகத்தை மட்டும் வெட்டி ஒருமுறை, இடம் வலம் திருப்பி ஒருமுறை. களவெடுப்பவர்கள் படத்தைத் திருப்பிப் போடுவது வழக்கம். ஒரே படம் பல இடத்தில் கிடைத்தால் மிகப் பழைய திகதியைத் தேடுங்கள். உங்கள் சந்தேகக் கணக்கே மூலமாக இருக்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால் அது எந்தப் பக்கத்துக்கும் ஆதாரமில்லை. படம் எடுத்த இடம், நேரம் பற்றிய உள் தகவலை முகநூலும் வட்ஸ்அப்பும் பெரும்பாலும் நீக்கிவிடுவதால் அதைத் தேடுவது வீண்வேலை. செயற்கை நுண்ணறிவுப் படமா என்று சொல்லும் கருவிகள், அழகூட்டும் வடிகட்டி போட்ட உண்மைப் படத்தையும் போலி என்று சொல்வதுண்டு.

4. ஒவ்வோர் அறிகுறிக்கும் குற்றமற்ற இரண்டு விளக்கங்களை எழுதுங்கள். எழுத முடியாத அறிகுறிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. அந்த நபரிடமே தனிப்பட்ட முறையில், மரியாதையாக, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைவிட, பதிலில் சரிபார்க்கக்கூடிய துண்டு ஏதாவது இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

6. நேரில் சந்தித்த ஒருவரைத் தேடுங்கள். சிறிய மாவட்டம் இது. உண்மையான ஆள் என்றால் இரண்டு மூன்று கை தாண்டுவதற்குள் யாராவது கிடைப்பார். அப்படிக் கிடைத்தவரும் இணையத்தில் மட்டும் தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## பணம் கேட்டால்: ஆளைத் தீர்மானிக்கத் தேவையில்லை

சிறுநீரக மாற்றுக்கு உதவி, வீடு எரிந்தது, தகப்பன் இல்லாத பிள்ளைகள். இங்கேதான் 'போலியா' என்ற விவாதம் மிகவும் சூடாகிறது. ஆனால் உதவி செய்வதா என்பதை முடிவெடுக்க, கணக்கின் பின்னால் யார் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. தேவையும் பணம் போய்ச் சேரும் இடமும் உறுதியானால் போதும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பம், சிகிச்சை பெறும் வைத்தியசாலையின் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். கடிதத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்தை நம்பாமல், அந்த அலுவலகத்தின் இலக்கத்தை வேறு வழியில் எடுத்து அழையுங்கள். வங்கிக் கணக்கு நோயாளியின் பெயரிலோ நெருங்கிய உறவின் பெயரிலோ இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள். இவை சரிவராவிட்டால் பணத்தை நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு யாரையும் பொய்யர் என்று அழைக்க வேண்டியதில்லை. நாளை உண்மை என்று தெரிந்தால் உடனே கொடுக்கவும் முடியும்.

## எந்த அளவு சொல்லலாம்?

ஆதாரத்தின் உயரத்துக்கு மேல் வாக்கியம் போகக்கூடாது. கீழிருந்து மேலாக நான்கு படிகள்:

1. "இந்தப் படம் இன்னொரு பக்கத்தில் 2019 முதல் இருக்கிறது, இதோ இணைப்பு." யாரும் சரிபார்க்கக்கூடிய செய்தி, சொல்லலாம்.
2. "உறுதிப்படுத்தும் வரை இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டாம்." சொல்லலாம், காரணத்தோடு.
3. "இந்தக் கணக்கு போலி." ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று வலுவான ஆதாரம் வேண்டும்.
4. "இதன் பின்னால் இருப்பவர் இன்னார்." இதற்குத் தேவையான ஆதாரம் பொதுமக்கள் கையில் கிடைப்பது மிக அரிது. தவறினால் அடிபடுபவர் நிஜப் பெயரும் நிஜ வீடும் உள்ள ஒருவர். இந்தப் படியை விசாரணை அதிகாரம் உள்ளவர்களுக்கு விடவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## சட்டமும் முறைப்பாடும்

ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவது தண்டனைச் சட்டக் கோவையின் கீழும், இணையவழியில் என்றால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். பேச்சுரிமையைப் பாதிக்கும் என்று கடுமையாக விமர்சிக்கப்பட்ட சட்டம் அது. ஆனால் நடைமுறையில் உள்ளது. குற்றஞ்சாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது மறுபக்கத்தை. தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு ஒருவரின் அந்தரங்கத் தகவலை வெளியிடுவதும் அதே சட்டத்தில் குற்றம். 'போலியை அம்பலப்படுத்த' கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தை மீறுவது. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும், நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போட வழி இருக்கிறது.

முறைப்பாட்டைத் தளத்திலேயே 'ஆள்மாறாட்டம்' என்ற வகையின் கீழ் கொடுக்கலாம். ஆள்மாறாட்டம் செய்யப்பட்டவரே கொடுத்தால் பலன் கூடும். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவின் இலக்கம் 101. பணம் போயிருந்தால், மிரட்டல் இருந்தால், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியை வாங்குங்கள். கணக்கின் உள் தரவுகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருக்கின்றன. 2015இல் இலங்கை புடாபெஸ்ட் சைபர் குற்ற உடன்படிக்கையில் இணைந்திருப்பதால் அவற்றைக் கேட்க முறையான வழி உண்டு. தரவுகள் காலவரையின்றி வைக்கப்படுவதில்லை என்பதால் தாமதிக்கக்கூடாது.

## குற்றஞ்சாட்டப்பட்டவரும் குழு நிர்வாகியும்

'அடையாள அட்டையைப் போடு' என்று கூட்டம் கேட்கும். போடாதீர்கள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எண்ணே பிறந்த திகதியைச் சொல்லிவிடும். அந்தப் படம் நாளை உங்கள் பெயரில் வேறொரு மோசடிக்குப் பயன்படும். அதோடு, படத்தைத் திருத்துவது எளிது என்பதால் சந்தேகப்படுபவர் அப்போதும் நம்பமாட்டார். அதற்குப் பதிலாக, இரு தரப்பும் ஏற்கும் ஒருவரிடம், அதிபர், ஆசிரியர், கிராம உத்தியோகத்தர் போன்ற ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். அவர் "பார்த்தேன், இவர் உண்மையான ஆள்" என்று மட்டும் குழுவில் சொன்னால் போதும். பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டியதில்லை. புனைபெயரில் எழுதுபவருக்கும் இதே வழி பொருந்தும்.

குழு நிர்வாகி செய்ய வேண்டியவை சில. குற்றச்சாட்டுப் பதிவின் கருத்துப் பகுதியை மூடி, பதிவை மறைத்து வைக்கலாம். உடனே அழித்தால் ஆதாரமும் போய்விடும். குற்றஞ்சாட்டியவரிடம் எந்த வகைப் போலி என்று எழுத்தில் கேட்க வேண்டும். குற்றச்சாட்டு பிழை என்று தெரிந்தால், திருத்தத்தைப் புதிய பதிவாகப் போடுவதோடு நிறுத்தாமல் பழைய பதிவின் முதல் வரியிலும் எழுத வேண்டும். பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் அந்தப் பழைய பதிவுக்குத்தான் ஆட்களைக் கொண்டுவருகின்றன. வட்ஸ்அப்பில் அது முடியாது. முதல் செய்தி போன ஒவ்வொரு குழுவுக்கும், அனுப்பியவரே, அதே ஸ்கிரீன்ஷொட்டின் மேல் 'தவறு' என்று எழுதித் திரும்ப அனுப்ப வேண்டும்.